நீலகிரில பாலம் போட்டோ எடுக்கப் போறீங்களா, முதல்ல பாலத்தை விட்டு இறங்குங்க

கேமரா வாங்குன புதுசுல நான் எடுத்த பாலம் போட்டோ எல்லாத்தையும் போன மாசம் உக்காந்து பார்த்தேன், ஒண்ணுல கூட பாலமே இல்ல. கைப்பிடி கம்பி இருக்கு, அதுல சாஞ்சுகிட்டு என் மச்சான் இருக்கான், பின்னாடி மலை இருக்கு, பாலம் எங்கடான்னு பார்த்தா நாங்க அது மேலதான் நின்னுட்டு இருக்கோம். பைக்காரா ரோட்டுல இன்னைக்கும் போய் பாருங்க, வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்குறவங்க பத்துல ஒம்பது பேரு இதைத்தான் பண்றாங்க. மேல நிக்கிறவனுக்குப் பாலம் தெரியாது, அது ரோடு மாதிரிதான் தெரியும்.

குன்னூர்ல கல்யாண போட்டோ எடுக்குறது என் பொழப்பு. ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாம சும்மா இருப்பேன், அந்த ரெண்டு மாசத்துலதான் இந்தப் பாலம் பைத்தியம் பிடிச்சுது. பிடிச்சதும் நல்லதாப் போச்சு, ஏன்னா பாலத்துக்கு இங்க அதை விட நல்ல மாசம் கிடையாது. ஆடில தென்மேற்கு மழை, கூடலூர் பக்கமும் பைக்காரா பக்கமும் ஆறு நிறைய ஓடும். மார்கழில பனி, காலைல தேயிலைக்கு மேல வெள்ளையா படிஞ்சு கிடக்கும், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். நடுவுல ஐப்பசி கார்த்திகை மட்டும் குன்னூர் கோத்தகிரி சைடுக்கு வராதீங்க, வடகிழக்கு மழை அங்கதான் வந்து அடிக்கும், மண்ணு சரியும், மலை ரயிலையே நாள்கணக்குல நிறுத்திடுவாங்க. வெளியூர் வண்டின்னா இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது இல்லாம செக்போஸ்ட்ல விட மாட்டாங்க.

முதல்ல ரயில் பாலம், ஏன்னா எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க.

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், அதுல சின்னதும் பெருசுமா 250 பாலம், 16 குகை, 208 வளைவு. கணக்குப் போட்டுப் பாருங்க, சராசரியா 180 மீட்டருக்கு ஒரு பாலம் வருது. குன்னூர் வரைக்கும் 1899-ல ஓட ஆரம்பிச்சுது, ஊட்டி வரைக்கும் 1908-ல போச்சு, யுனெஸ்கோ பட்டியல்ல 2005-ல சேர்த்தாங்க. கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் 12 அடி போனா ஒரு அடி ஏறுற ஏத்தம், அதனாலதான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வச்ச பட்டை ஓடும், இன்ஜின்ல இருக்குற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இதை எல்லாம் ஏன் சொல்றேன்னா போட்டோவுக்கு இதுல ஒரு விஷயம் இருக்கு. ஏறும்போது இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும், முன்னாடி இழுக்காது. நீங்க மேல் பக்கமா நின்னு ரயில் பாலத்துல வர்றதை எடுத்தீங்கன்னா முன்னாடி ஒரு பெட்டியும் அதுல கொடி பிடிச்சு நிக்கிற பிரேக்ஸ்மேனும்தான் வருவாங்க, புகை எங்கயோ வால்ல இருக்கும். நான் ரெண்டு வருஷம் இது தெரியாம "இன்ஜின் எங்க போச்சு"ன்னு இருந்தேன். இன்ஜின் முன்னாடி வர்ற மாதிரி வேணும்னா மத்தியானம் கீழ இறங்குற வண்டிய எடுங்க. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின்தான், நீராவி வேணும்னா குன்னூருக்குக் கீழதான் நிக்கணும்.

ரயிலுக்குள்ள இருந்து எடுக்குறவங்களுக்கு ஒரு வழி. காலைல 7.10-க்கு மேட்டுப்பாளையத்துல கிளம்புற வண்டி, முன்பதிவு பண்ணிடுங்க. ஜன்னல் சீட்டு கிடைச்சா பாலம் உங்க பெட்டிக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, லேட்டாகிடும். வளைவுல திரும்பும்போதே முன் பெட்டி பாலத்துல ஏறிடும், நீங்க இன்னும் மண்ணுல இருப்பீங்க, அந்த நாலஞ்சு செகண்டுதான் போட்டோ. அடர்லி ஸ்டேஷன் பக்கம் இருக்குற உசந்த பாலத்துல இது அருமையா வரும். பல்லு வச்ச பாதைல வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர் மாதிரிதான் போகும், சைக்கிள்ல போறவன் கூட முந்திடுவான், ஆனா குலுக்கல் ஜாஸ்தி, அதனால ஷட்டர் 1/500-க்குக் கீழ வைக்காதீங்க. கையை ஜன்னல் கட்டைல ஊணாதீங்க, குலுக்கல் அப்படியே கேமராவுக்கு வந்துடும், முழங்கையை உடம்போட ஒட்டி வச்சுக்கங்க. தலையை வெளிய நீட்டாதீங்கன்னு நான் சொல்லணுமா, பாறை அவ்வளவு கிட்ட வரும்.

வெளிய இருந்து எடுக்கணும்னா தண்டவாளத்துல நடக்காதீங்க. சட்டப்படி தப்பு, அதை விட முக்கியம் பாலத்துல நடுவுல மாட்டுனா ஒதுங்க இடம் கிடையாது. நான் ஒரு தடவை ரன்னிமேடு பக்கம் லைன் ஓரமா மெதுவா ஏறிப் போனேன், எதிர்ல கீமேன் வந்தாரு, தோள்ல பெரிய ஸ்பேனரு, கைல சுருட்டுன சிவப்புக் கொடி. தினமும் பாதையை நடந்து பார்த்து போல்ட்டு இறுக்குறவரு. "யாரு சாமி நீ, போட்டோவுக்கு உசுர விடப் போறியா"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, நான் கேமராவை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சேன், ஸ்கூல்ல பிட்டு ஒளிக்கிற மாதிரி. திட்டி முடிச்சுட்டு அவரே காட்டேரி பூங்காவைக் காட்டுனாரு, அங்க டிக்கெட் வாங்கிட்டு உள்ள போய் நில்லு, பத்து மணி வாக்குல வண்டி கண்ணு முன்னாடி போகும், யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்கன்னாரு. இன்னைக்கு வரைக்கும் நான் கூட்டிட்டுப் போற எல்லாரையும் அங்கதான் நிறுத்துறேன். வெல்லிங்டன், அருவங்காடு பக்கம் கேமராவைத் தூக்காதீங்க, ஒண்ணு ராணுவம், இன்னொண்ணு வெடிமருந்து தொழிற்சாலை. ட்ரோனு கொண்டு வர்றவங்க காட்டு எல்லைல பறக்க விட்டா கேஸ் ஆகும், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.

சரி, இப்ப இறங்குறதுக்கு வருவோம். எந்தப் பாலமா இருந்தாலும் நான் பண்றது ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல கேமராவை வெளியவே எடுக்காம இந்தக் கரைல இருந்து அந்தக் கரைக்கு ஒரு தடவை நடப்பேன். யாரு போறாங்க, எத்தனை பேரு நிக்கிறாங்க, எந்த இடத்துல சுவர் தேஞ்சிருக்குன்னு பார்ப்பேன். பழைய கல் பாலத்துல கைப்பிடிச் சுவர்ல ஒரு இடம் மட்டும் வழவழன்னு இருக்கும், அங்கதான் ஊரு பூரா உக்காந்து கதை பேசி இருக்கும். அப்புறம்தான் கீழ இறங்குவேன். ஆத்தோட மட்டத்துல, முடிஞ்சா அதுக்கும் கீழ கேமராவை வச்சுப் பார்த்தாதான் தூணு எவ்வளவு உசரம், ஆர்ச்சு எப்படி வளைஞ்சிருக்குன்னு தெரியும். தூண்ல பழைய வெள்ளத்தோட கறை ஒரு கோடு மாதிரி இருக்கும், அதை விட்டுடாதீங்க, பாலத்தோட வயசை விட அந்தக் கோடு நிறைய பேசும்.

இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். நம்ம ஊரு ஆறுகள்ல நிறையதுக்கு அணை இருக்கு. பைக்காரால 1932-ல இருந்து கரண்டு எடுக்குறாங்க, தண்ணி எப்ப திறப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, கீழ படுத்திருக்குற பாறைக்கும் தெரியாது. காஞ்சு கிடக்குதேன்னு நடு ஆத்துல ட்ரைபாடு விரிக்காதீங்க, ஏறி ஓட வழி இருக்குற கரையா பார்த்து நில்லுங்க, உள்ளூர்ல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க. அடுத்தது காடு. கல்லார் யானை வழித்தடம், பர்லியார்ல பலாப்பழம் பழுத்தா யானை ரோட்டுக்கே வரும், தேயிலைக்குள்ள காட்டுமாடு சத்தமே இல்லாம நிக்கும். காலைல ஆறு மணிக்கு வெளிச்சம் சூப்பரா இருக்கும்னு தனியா போகாதீங்க, டீக்கடை திறந்தப்புறம் போங்க, அந்த ஒரு மணி நேரத்துல ஒண்ணும் கெட்டுப் போயிடாது. அட்டைக்கு உப்பு ஒரு பொட்டலம் பாக்கெட்டுல இருக்கட்டும்.

வெளிச்சம் பத்தி. குன்னூர் மலைச்சரிவுல காலை வெயில் நல்லா விழும், மத்தியானத்துக்கு மேல பள்ளம் சீக்கிரம் இருட்டிடும், அதனால ரயில் பாலம், பர்லியார் பக்கம் எல்லாம் காலைலயே முடிச்சுடுங்க. இரும்பு பாலத்துக்குப் பக்கவாட்டு வெயில் வேணும், அப்பதான் ஒவ்வொரு ரிவெட்டும் கடுகு மாதிரி தனித்தனியா எந்திரிச்சு நிக்கும். நேர் வெயில்ல எடுத்தா தகரம் மாதிரி தட்டையா வரும். கல் பாலத்துக்கு மழை பெஞ்சு விட்ட அடுத்த அரை மணி நேரம், பாசி பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா ஈரக் கல்லு பளபளன்னு அடிக்கும், ஒரு போலரைசர் ஃபில்டர் போட்டு மெதுவா திருப்பிப் பாருங்க, அந்தப் பளபளப்பு போய் உள்ள இருக்குற நிறம் வெளிய வரும்.

பனி மூட்டம் வந்தா எல்லாரும் கேமராவை மூடிடுறாங்க. எனக்கு அப்பதான் சந்தோஷம், பின்னாடி இருக்குற ரிசார்ட்டு, செல்போன் டவரு, ப்ளெக்ஸ் பேனரு எல்லாத்தையும் மூடிட்டு பாலத்தை மட்டும் விட்டு வைக்கும். ஒண்ணு மட்டும் செய்யணும். கேமராவுக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது, எதைப் பார்த்தாலும் சாம்பலாக்கப் பார்க்கும், பனி மூட்டம் அழுக்கு வேட்டி கலர்ல வரும், அதனால எக்ஸ்போஷரை +0.7 இல்லன்னா +1 ஏத்தி வச்சுக்கங்க. போன்ல எடுக்குறவங்க ஸ்க்ரீனைத் தொட்டுப் பிடிச்சா லாக் ஆகும், சூரியன் மாதிரி ஒண்ணு வரும், அதை மேல தள்ளுங்க, அதேதான். போன்ல 0.5 லென்ஸ் போட்டு பாலம் எடுக்காதீங்க தயவுசெஞ்சு, நேரா இருக்குற கர்டர் வாழைப்பழம் மாதிரி வளையும். பின்னாடி நடந்து போய் 2 லென்ஸ்ல எடுங்க, பாலமும் மலையும் கிட்டக்கிட்ட வந்து நிக்கும்.

ஓடுற தண்ணிய ஸ்லோ ஷட்டர்ல பால் ஊத்துன மாதிரி எடுக்குறது ஒரு காலத்துல எனக்கும் பிடிச்சுது, இப்ப பார்த்தா எல்லா ஊரு தண்ணியும் ஒண்ணு மாதிரி இருக்கு. 1/15 போதும், ஓடுற வேகமும் தெரியும், தண்ணின்னும் தெரியும். கொடைக்கானல் போறப்ப சில்வர் கேஸ்கேட் முன்னாடி பாலத்துல இதை ட்ரை பண்ணலாம், 180 அடில இருந்து விழுது, சாரல் லென்ஸ்ல அடிச்சுகிட்டே இருக்கும், துணி ரெண்டு எடுத்துட்டுப் போங்க. ஆனா அங்க எனக்குப் பிடிச்ச போட்டோ அருவி இல்ல, அருவிக்கு முதுகைக் காட்டிகிட்டு வரிசையா செல்ஃபி எடுக்குற ஜனங்கதான், நாப்பது பேரு நிக்கிற பாலத்துல ஒருத்தர் கூட தண்ணியைப் பார்க்கல.

அப்புறம் ஒரு அவஸ்தை, இது நான் பட்டது. மார்கழில ஊட்டில விடியக்காலைல எடுத்துட்டு கேமராவை அப்படியே சீட்டுல போட்டுட்டு மேட்டுப்பாளையம் இறங்குனேன், பவானி பாலத்துல ரயில் போறதை எடுக்கலாம்னு. ஊட்டி 2,200 மீட்டர், மேட்டுப்பாளையம் 330 மீட்டர் மாதிரி, மேல பல்லு கிட்டும், கீழ வேர்க்கும். கேமராவைக் கண்ணுல வச்சா ஒண்ணும் தெரியல, லென்ஸ் பூரா ஆவி, கண்ணாடி போட்டுட்டு சோறு வடிச்ச மாதிரி. துடைக்கத் துடைக்க வருது, ரயில் போயே போச்சு. குளிர்ல இருந்து இறங்குறதுக்கு முன்னாடி கேமராவை ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு காத்தை வெளிய அமுக்கிட்டு மூடிடுங்க, கீழ வந்து அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க, ஆவி கவர் மேலதான் படியும்.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. குன்னூர் மலைப்பாதைல மரப்பாலம்னு ஒரு இடம் இருக்கு, பஸ்ல போனா கண்டக்டர் சத்தமாவே சொல்லுவாரு. இறங்கிப் பாருங்க, தார் ரோடு, லாரி, குரங்கு. மரத்தால ஆன பாலம் பேர்ல மட்டும்தான் மிச்சம். இது மாதிரி இடத்தை எப்படி எடுக்குறது? நான் அந்தப் பேரு எழுதுன போர்டை எடுத்தேன், பின்னாடி பஸ்ஸு மங்கலா போற மாதிரி. அவ்வளவுதான் கிடைக்கும், ஆனா அது போதும். தெப்பக்காட்டுல மாயார் ஆத்து மேல மசினகுடிக்குப் போற பழைய பாலத்தை இடிச்சுட்டுப் புதுசு கட்டிட்டாங்க, பழசுல வண்டியை நிறுத்தி யானை குளிக்கிறதைப் பார்த்தவங்க வீட்டுல எல்லாம் போட்டோ இருக்கும், கேட்டு வாங்கி வைங்க.

பாலமே வராத இடமும் இருக்கு. தெங்குமரஹாடான்னு ஒரு காட்டுக் கிராமம், அதுக்கு மாயாரைப் பரிசல்ல தாண்டித்தான் போகணும், பாலம் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை வயசாயிடுச்சு. புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம போக முடியாது, ஆத்துல முதலை வேற. அனுமதியோட போற வாய்ப்பு கிடைச்சா பரிசல்ல ஏத்துற சாமானைப் பாருங்க, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஸ்கூல் பை. ஒரு பாலம் என்னென்ன வேலை செய்யுங்கிறது, பாலம் இல்லாத அந்தக் கரைலதான் தெளிவா தெரியும்.

பழைய ஆல்பம் பத்திச் சொல்லணும், இது என் தொழில் ரகசியம் மாதிரி. எங்க எஸ்டேட்டு கோத்தகிரி பக்கம், தோட்டத் தொழிலாளருங்க இருக்குற லைன் வீட்டுக்குப் போற வழியில ஒரு கல்வெர்ட்டு, ரெண்டு சிமெண்டு குழாய், மேல மண்ணு, ஓரத்துல முட்டி உசரத்துக்கு ஒரு சுவர். அதை யாராவது பாலம்னு சொன்னா சிரிப்பாங்க. 2009 நவம்பர் மழைல, நாப்பது பேருக்கு மேல செத்துப் போன அந்த மழைலதான், ராத்திரியோட ராத்திரியா அது போயிடுச்சு. நான் அப்ப பதினொண்ணாவது. காலைல போய்ப் பார்த்தா சுவரும் இல்ல, குழாயும் இல்ல, ஒரு சிவப்பு ஓடை மட்டும் ஓடுது. அந்தச் சுவர்ல உக்காந்துதான் நாங்க பஸ்ஸுக்கு நிப்போம், முதல் பீடி, முதல் அடிதடி, எல்லாம் அங்கதான். ஒரு போட்டோ கூட இல்லையேன்னு பல வருஷம் வருத்தம். அப்புறம் ஒரு நாள் அத்தை கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்ணிட்டு இருந்தேன், பொண்ணழைப்புல கார்ல இருந்து அத்தை இறங்குறாங்க, கழுத்துல மாலை கோணலா இருக்கு, பின்னாடி அந்தச் சுவரு. அதுல எங்க சித்தப்பா காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்து வடை தின்னுட்டு இருக்காரு.

அதனால உங்க வீட்டு ஆல்பத்துல முகத்தை விட்டுட்டுப் பின்னாடி பாருங்க. பாலம், மதகு, தரைப்பாலம், ஏதாவது ஒரு ஓரத்துல மாட்டி இருக்கும். கிடைச்சுதுன்னா அதே இடத்துல போய் நின்னு அதே படத்தை இன்னைக்கு எடுங்க. எடுக்குற முறை இதுதான். பழைய படத்தைப் போன்ல வச்சுக்கங்க. வீடு, மரம் எல்லாம் மாறி இருக்கும், மலை முகடு மாறாது, அதை முதல்ல பிடிங்க. பக்கத்துல ஒரு பாறையோ கோயில் மூலையோ படத்துல இருந்தா அது முகட்டுல எந்த மேட்டுக்கு நேரா வருதுன்னு பாருங்க, ரெண்டும் ஒரே கோட்டுல வர்ற வரைக்கும் இடமும் வலமும் நகருங்க, வந்துட்டா நீங்க அந்தப் பழைய போட்டோகிராபர் நின்ன கோட்டுல நிக்கிறீங்க. அப்புறம் முன்ன பின்ன நடந்து அளவைச் சரி பண்ணுங்க. அந்தக் கால ஃபிலிம் கேமராவுல நிறைய 50 லென்ஸ்தான், போன்ல 2 போட்டா கிட்டத்தட்ட அதுவே வரும். ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு வீட்டுல காட்டுங்க, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு லேட்டாகும், நான் பொறுப்பில்ல.

ஞாபகத்தைக் கேக்குறதுக்கும் ஒரு வழி இருக்கு. மைக்கை நீட்டி "இந்தப் பாலத்தைப் பத்தி உங்க நினைவுகளைச் சொல்லுங்க"ன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க, திறந்தா மேடைப் பேச்சு பேசுவாங்க. சின்னதா கேளுங்க. இது வர்றதுக்கு முன்னாடி எப்படித் தாண்டுனீங்க? முதல் தடவை தாண்டும்போது கூட யாரு? கைல என்ன வச்சிருந்தீங்க? இந்த "கைல என்ன" கேள்விதான் பூட்டைத் திறக்கும். படகர்னு இங்க மலைல இருக்குற சமூகத்தோட ஊர்ல ஒரு பெரியவர்கிட்ட ஒரு கல் பாலத்தைக் காட்டிக் கேட்டேன், அவரு அந்தப் பாலத்தை விட்டுட்டு வேற ஒரு பாலத்துக்குப் போயிட்டாரு, சாவுச் சடங்குல பாடும்போது வருமே, செத்தவங்க உசுரு தாண்டிப் போற நூல் பாலம். தோடர் பழங்குடிகிட்டயும் நூல் பாலம் உண்டு, தப்பு பண்ணவன் அதுல இருந்து ஆத்துல விழுவான், அங்க அட்டை கடிக்கும்னு. இந்த ஊரு அட்டையைப் பார்த்தவங்களுக்கு அது எவ்வளவு பொருத்தமான நரகம்னு தெரியும். அந்தக் கல் பாலத்தை மறுபடி எடுக்கும்போது நான் தூரமா மேட்டுல ஏறிப் போய் நின்னேன், பள்ளத்துக்குக் குறுக்க ஒரு நூல் மாதிரி தெரியட்டும்னு.

வயசானவங்ககிட்ட போன்ல காட்டாதீங்க. விரல் பட்டு படம் ஓடிடும், அவங்க பதறிப்போய் திருப்பிக் குடுத்துடுவாங்க. பிரிண்ட் போட்டுக் குடுங்க, கொஞ்சம் பெருசா, 8க்கு 12, பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல. எங்க அப்பாயிக்கு, அப்பாவோட அம்மாவுக்கு, நான் அப்படித்தான் குடுத்தேன். அடர்லி பாலம், வளைவுல எடுத்தது, முன் பெட்டி பாலத்துல, கீழ ஒண்ணும் இல்ல, மரத்தோட தலை மட்டும். அப்பாயி சிலோன்ல இருந்து 1972-ல வந்தவங்க, சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல அங்க இருந்த தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புனாங்கல்ல அந்தக் கூட்டத்துல. இங்க வந்து கொழுந்து பறிச்சாங்க, இன்னமும் லைன் வீட்டை லயம்னுதான் சொல்லுவாங்க. படத்தை மடியில வச்சு, முந்தானையால ஒரு தடவை துடைச்சு, கட்டை விரலால பாலத்தோட ஓரத்தைத் தடவிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, நானும் கேக்கல. இந்த இடத்துல நீங்களும் ஒண்ணும் கேக்காதீங்க, இது ரொம்ப முக்கியம், டீ வேணுமான்னு கூட கேக்காதீங்க.

"இதுல கம்பி இல்லையே தம்பி"ன்னாங்க.

"இல்ல அப்பாயி, ரயில் பாலம்ல."

"பாம்பன்லயும் இல்ல."

ஊட்டி ரயிலைக் காட்டப் போனா அப்பாயி ராமேஸ்வரத்துல இருக்காங்க. தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, சிலோன்ல இருந்து வர்றவங்களைத் தங்க வைக்கிற மண்டபம் கேம்ப்புக்கு ரயில்ல கொண்டு போயிருக்காங்க. எங்க அப்பாவுக்கு அப்ப மூணு வயசு. நான் "கைல என்ன வச்சிருந்தீங்க"ன்னு கேட்டேன். ஒரு கைல தகரப் பெட்டி, ஒரு கைல உங்கப்பன்னாங்க. பாலத்துல வண்டி மெதுவா போகுது, ரெண்டு பக்கமும் கடல், பெட்டில எல்லாரும் கும்பிடுறாங்க, காசு போடுறாங்க. அப்பாயிகிட்ட இருந்தது சிலோன் பத்துச் சதம் ரெண்டு, பூ மாதிரி விளிம்பு இருக்குமே அது, இனிமே எந்தக் கடைலயும் செல்லாது. ஒண்ணைக் கடல்ல போட்டாங்களாம். இன்னொண்ணு எங்கன்னு நான் கேக்குறதுக்குள்ள இடுப்புல இருந்து சுருக்குப்பையை எடுத்து, வெத்தலைக் காம்பு, பாக்குத் துண்டு எல்லாத்தையும் தள்ளிட்டு அதை எடுத்து அடர்லி பாலத்து மேல வச்சாங்க. அம்பது வருஷமா அந்த வீட்டுல புழங்குறேன், சரி முப்பது வருஷம், நான் அதைப் பார்த்ததே இல்ல. அப்பவே அதை எடுத்தேன், ஜன்னல் வெளிச்சத்துல, பிரிண்ட் மேல காசு இருக்குற மாதிரியே, 1/60, வேற லைட்டு எதுவும் இல்ல. நான் எடுத்த பாலம் போட்டோவுலயே அதுதான் நல்ல போட்டோ. பாம்பன்ல பழைய பாலத்துல இப்ப ரயில் ஓடல, பக்கத்துல புதுசு 2025-ல திறந்துட்டாங்க, அப்பாயியை ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்னு இருக்கு, முட்டி வலி விடணும்.

கடைசியா ஒரு சில்லறை விஷயம், ஆனா இதை விட்டதாலதான் நான் நிறைய இழந்தேன். ஹார்ட் டிஸ்க் ஒண்ணு செத்துப் போய் மூணு வருஷத்துப் பாலம் எல்லாம் போச்சு, பிரிண்ட் போட்டது மட்டும்தான் மிச்சம், அதுலயும் பின்னாடி எதுவும் எழுதாததால பாதி எந்தப் பாலம்னே எனக்குத் தெரியல. பிரிண்ட் போட்ட அன்னைக்கே பின்னாடி எழுதிடுங்க. ஜெல் பேனா வேண்டாம், எங்க ஊரு ஈரத்துக்கு ரெண்டு மழைக்காலம் தாங்காது, அடுத்த படத்து மேல ஒட்டிக்கும். மென்மையான பென்சில், அழுத்தாம, ஓரமா. இடம், தேதி, யாரு என்ன சொன்னாங்க, அவங்க சொன்ன வார்த்தையிலேயே. அடர்லி படத்துக்குப் பின்னாடி நான் எழுதி வச்சிருக்குறது இது:

அடர்லி. ஆடி மாசம், மழை இல்ல. அப்பாயி சொன்னது: இதுல கம்பி இல்ல. பாம்பன்லயும் இல்ல. உங்கப்பன் பயப்படுவான்னு கண்ணைப் பொத்துனேன், அவன் விரல் சந்துல பார்த்துட்டான். பத்துச் சதம் ஒண்ணு கடல்ல, ஒண்ணு சுருக்குப்பைல.